காது கேளாத பெரியவர்கள் தங்கும் இல்லத்தில் ஆய்வு: எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது?

புதுவரவு

வணக்கம். பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்யும் குழு ஒன்றில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். முதியோர் இல்லங்களுக்குப் போன அனுபவம் உண்டு. ஆனால் அடுத்து போகப்போவது காது கேளாத பெரியவர்கள் மட்டுமே தங்கியிருக்கும் இல்லம். கையில் கொடுத்திருக்கும் படிவமோ எல்லா இல்லங்களுக்கும் பொதுவானது: சமையலறைச் சுத்தம், மருந்துப் பதிவேடு, தீயணைப்பான் காலாவதித் தேதி, கட்டில்களுக்கு நடுவே இடைவெளி, ஊழியர் எண்ணிக்கை. "தங்கியிருப்பவர்களிடம் பேசினீர்களா" என்று ஒரே ஒரு கட்டம், அதில் ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது.

எங்கள் குழுவில் யாருக்கும் சைகை மொழி தெரியாது. "எங்கள் ஊழியரே மொழிபெயர்த்துச் சொல்வார், கவலை வேண்டாம்" என்று இல்லத்துப் பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. இந்த மாதிரி இல்லங்களைத் தெரிந்தவர்கள், அங்கே வேலை பார்த்தவர்கள், அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நான் எதைப் பார்க்க வேண்டும்?

விரல்மொழி

நான் சைகை மொழிபெயர்ப்பாளர். மனம் வரவில்லை என்றீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். இல்லத்து ஊழியர் மொழிபெயர்க்கும் ஆய்வு ஆய்வே இல்லை. யாரைப் பற்றிப் புகார் இருக்கக்கூடுமோ அவர் வாய் வழியாகவே புகார் வெளியே வரவேண்டும் என்றால் அது எப்படி வரும்? அந்த ஊழியர் நல்லவராகவே இருக்கட்டும். நாளைக்கும் தனக்குச் சோறு போடப்போகிறவர் பக்கத்தில் நிற்கும்போது எந்த மனிதரும் மனம்விட்டுப் பேச மாட்டார்.

வெளியிலிருந்து, இல்லத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத, தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரை உங்கள் குழுவே கூட்டிக்கொண்டு போக வேண்டும். முழு நாள் ஆய்வு என்றால் இருவர் வேண்டும். இருபது முப்பது நிமிடத்துக்கு மேல் ஒருவரே தொடர்ந்து செய்தால் களைப்பில் துல்லியம் குறையும், அதனால்தான் இருவர் மாறிமாறிச் செய்வது எங்கள் தொழிலில் வழக்கம்.

இன்னொன்று, பலர் யோசிப்பதே இல்லை. அங்கே இருக்கும் எல்லோரும் ஒரே மாதிரி சைகை செய்வார்கள் என்று நினைக்காதீர்கள். சின்ன வயதில் பள்ளிக்கே போகாமல் வீட்டிலேயே வளர்ந்து, வீட்டார் புரிந்துகொண்ட சில சைகைகளை மட்டும் வைத்துக் காலம் தள்ளியவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய சைகை காது கேட்கும் மொழிபெயர்ப்பாளரான எனக்கே பிடிபடாது. அந்த இடத்தில் காது கேளாத மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நடுவில் வேண்டும். அவர் அந்தப் பெரியவரிடமிருந்து படம், நடிப்பு, பொருளைக் காட்டுவது என்று எல்லாவற்றையும் பயன்படுத்தி விஷயத்தை வாங்குவார், நான் அவரிடமிருந்து வாங்கி உங்களுக்குச் சொல்வேன். நேரம் பிடிக்கும். ஆனால் இந்த ஏற்பாடு இல்லாமல் போனால் அந்த இல்லத்தில் மிகவும் தனித்துக் கிடக்கும் மனிதரைத்தான் நீங்கள் தவறவிடுவீர்கள்.

காதுக்குப்பதில்கண்

நான் காது கேளாதவன். இப்படி ஓர் இல்லத்தில் சில வருடங்கள் இருந்தேன், இப்போது வெளியே தனியாக வாழ்கிறேன். விரல்மொழி சொன்னது எல்லாம் சரி, அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் குழுவிலேயே காது கேளாத ஒருவர் ஆய்வாளராக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் பராமரிப்பு இல்லங்களை ஆய்வு செய்யும் சிக்யூசி அமைப்பு, அந்தச் சேவையைத் தானே பயன்படுத்திய அல்லது அப்படிப் பயன்படுத்தும் ஒருவரைக் கவனித்துக்கொண்ட அனுபவம் உள்ளவரை ஆய்வாளரோடு அனுப்புகிறது. அதுபோல எங்கேயும் செய்யலாம். காது கேளாதவர் ஒருவர் அந்தக் கூடத்துக்குள் நுழைந்தாலே அங்கே இருப்பவர்களின் முகம் மாறும். நீங்கள் கேள்வி கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்பே அவரிடம் நாலு பேர் வந்து பேசியிருப்பார்கள்.

உள்ளே போனதும் முதலில் நான் பார்ப்பது ஊழியர் எங்களைக் கூப்பிடும் விதம். தோளை மெல்லத் தொடுகிறாரா, கண்ணில் படும்படி கையை அசைக்கிறாரா, விளக்கை ஒருமுறை அணைத்துப் போடுகிறாரா? இல்லை, பின்னால் வந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறாரா, முகவாயைப் பிடித்துத் திருப்புகிறாரா? முகத்தைப் பிடித்துத் திருப்புவதைப் பார்த்தீர்களானால் அந்த இல்லத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தனியாகப் பேச அறை கேட்பீர்கள் அல்லவா, கண்ணாடிக் கதவு உள்ள அறையைக் கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காது கேட்கிறவர்களுக்குக் கதவைச் சாத்தினால் பேச்சு வெளியே போகாது. எங்கள் பேச்சு கண்ணாடி வழியாக முழுதாக வெளியே போகும். கூடத்தின் அந்தக் கோடியில் நிற்பவரும் படித்துவிடுவார். கண்காணிப்பு கேமராவும் அப்படித்தான். அறையில் கேமரா இருந்தால் நாங்கள் பேசுவது பதிவாகிறது என்றே அர்த்தம். ஒலி பதிவாகாத கேமராதான் என்று பொறுப்பாளர் சொல்வார், எங்களுக்கு அதில் எந்த ஆறுதலும் இல்லை.

இரவுப்பணி

நான் இப்படிப்பட்ட இல்லத்தில் இரவு ட்யூட்டி பார்த்தவள். பகலில் வரும் ஆய்வாளர் பார்க்காத இல்லம் ஒன்று இருக்கிறது, அது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தெரியும்.

பகலில் சைகை தெரிந்த இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், ஆய்வு வரும்போது அவர்களை முன்னால் நிறுத்துவார்கள். ராத்திரி யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் தற்காலிகமாக வந்தவர், சைகையில் 'சாப்பாடு', 'தூங்கு', 'வேண்டாம்' தவிர எதுவும் தெரியாதவர். நெஞ்சு வலிக்கிறது என்று நடுராத்திரி ஒருவர் எழுந்து வந்து சொன்னால் அவருக்குப் புரியுமா? இருட்டு என்பதே எங்கள் இல்லத்தில் பேச்சு நின்றுபோகும் நேரம். விளக்கை அணைத்துவிட்டால் ஒருவரோடு ஒருவர் பேச முடியாது. மின்சாரம் போனாலும் அதே கதிதான். அதனால் கட்டிலுக்குப் பக்கத்தில் கையெட்டும் தூரத்தில் தனி விளக்கு, பேட்டரி விளக்கு, ஊழியரை அழைக்கும் பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தினால் ஊழியர் வருகிறார் என்பதற்கு அடையாளமாக அவர் அறையிலேயே ஒரு விளக்கு எரிய வேண்டும். அது இல்லையென்றால் கேட்டதா கேட்கவில்லையா என்று தெரியாமல் அவர் அழுத்திக்கொண்டே இருப்பார், 'சும்மா சும்மா பெல் அடிக்கிறார்' என்று அவர் பெயரில் பதிவேட்டில் எழுதுவார்கள்.

தீ எச்சரிக்கை பற்றி நிறையச் சொல்ல வேண்டும். தாழ்வாரத்தில் சிவப்பு விளக்கு மின்னும் கருவி ஒன்றைக் காட்டி 'எங்களிடம் இருக்கிறது' என்பார்கள். தாழ்வாரத்து விளக்கு, கதவைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள் முகம் புதைத்துத் தூங்குபவரை எழுப்பாது. தலையணைக்கு அடியிலோ மெத்தைக்கு அடியிலோ வைக்கும் அதிர்வுக் கருவி ஒவ்வொருவருக்கும் வேண்டும், அது தீ எச்சரிக்கை அமைப்போடு இணைந்திருக்க வேண்டும். குளியலறை, கழிப்பறை இரண்டிலும் மின்னும் விளக்கு வேண்டும், அங்கே தனியாக இருப்பவருக்கு வேறு எந்த வழியிலும் தகவல் போகாது. ஓரளவு காது கேட்பவர்களுக்குக் கூட வழக்கமான கீச்சென்ற அலாரம் பயன்படாது, வயதாக ஆக உயர்ந்த சுருதிதான் முதலில் போய்விடும். 520 ஹெர்ட்ஸ் அளவில் தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் அலாரம் அவர்களை எழுப்புவதில் மேலானது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே கூடத்தில் பல மின்னும் விளக்குகள் இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் மின்ன வேண்டும், தாறுமாறாக மின்னினால் வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து.

பட்டியலை வாங்கிப் படித்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓர் அறையைத் தேர்ந்தெடுத்து, அங்கே இருப்பவரிடம் விளக்கிச் சொல்லி அனுமதி வாங்கி, அலாரத்தை இயக்கச் சொல்லுங்கள். மெத்தை அதிர்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். பேட்டரி தீர்ந்துபோய்க் கிடக்கும் கருவிகள் எத்தனை என்று அப்போது தெரியும்.

அக்காவின்தம்பி

என் அக்கா இப்படி ஓர் இல்லத்தில் இருக்கிறாள். குடும்பத்தார் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் காது கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். அதனால் எங்களைப் போன்ற குடும்பங்களில் பாதிப்பேருக்குச் சைகை மொழி ஒழுங்காகத் தெரியாது. ஆய்வாளர்கள் எங்களைக் கூப்பிட்டு 'உங்கள் உறவினர் நன்றாக இருக்கிறாரா' என்று கேட்பார்கள், நாங்களும் 'நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்' என்போம். இல்லத்தை விட்டால் வேறு இடம் இல்லை என்ற பயமும் அதில் இருக்கும். எங்கள் கருத்தைக் கேளுங்கள், ஆனால் அதை அக்காவின் கருத்தாக எழுதிவிடாதீர்கள். அவளுக்கு வாய் இருக்கிறது, அது கையில் இருக்கிறது, அவளிடமே கேளுங்கள்.

அறைக்குள் நுழையும் விஷயத்தையும் கவனியுங்கள். தட்டினாலும் கேட்காதே என்று நேராகக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விடுகிறார்கள். உடை மாற்றிக்கொண்டிருந்தாலும் சரி. என் அக்கா வயதில் மூத்த பெண்மணி, அவளுக்கு இது எவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும்! வெளியே ஒரு பொத்தான், உள்ளே மின்னும் விளக்கு, இவ்வளவுதான் தேவை. நாங்கள் பலமுறை கேட்ட பிறகுதான் வைத்தார்கள்.

பொறுப்பில்இருப்பவன்

நான் ஓர் இல்லத்தை நடத்துகிறேன். எல்லோரும் எங்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதுபோல இருப்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சைகை மொழி நன்றாகத் தெரிந்தவர் கிடைப்பதே அரிது, கிடைத்தால் பராமரிப்பு வேலைச் சம்பளத்துக்கு நிற்க மாட்டார். நாங்களே ஆட்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, ஓரளவு பேசத் தொடங்கும்போது வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். இதை எந்த ஆய்வு அறிக்கையும் எழுதுவதில்லை. குறை மட்டும் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

அலாரம், அறை விளக்கு விஷயங்களில் இரவுப்பணி சொன்னதை அப்படியே ஏற்கிறேன், அவை காசு கொடுத்தால் கிடைப்பவை, இல்லையென்றால் அது எங்கள் தவறுதான். ஆனால் மொழி அப்படிக் கடையில் வாங்கும் பொருள் இல்லை.

காதுக்குப்பதில்கண்

பொறுப்பில் இருப்பவருக்கு: ஆள் கிடைக்கவில்லை என்கிறீர்கள். காது கேளாதவர்களை வேலைக்கு எடுத்தீர்களா? நான் இருந்த இல்லத்தில் ஊழியர் ஒருவர்கூடக் காது கேளாதவர் இல்லை. தொலைபேசி எடுக்க முடியாது, அலாரம் கேட்காது என்று காரணம் சொன்னார்கள். தொலைபேசியை இன்னொருவர் எடுக்கட்டும். அலாரம் காது கேளாதவருக்குத் தெரியும்படி இருக்க வேண்டிய கட்டடம்தானே அது? ஒவ்வொரு ஷிப்டிலும் காது கேளாத ஊழியர் ஒருவரும் கேட்கும் ஊழியர் ஒருவரும் சேர்ந்து இருந்தால் இரண்டு பக்கமும் நிறையும். இதை ஆய்வாளர் கேள்வியாகவே கேட்க வேண்டும்: இங்கே காது கேளாத ஊழியர் எத்தனை பேர், அவர்களில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர் எத்தனை பேர்?

பொறுப்பில்இருப்பவன்

நியாயமான கேள்வி. எங்களிடம் சமையலறையில் இருவர் இருக்கிறார்கள், பராமரிப்பில் இல்லை. யோசிக்கிறேன்.

மருந்தறை

செவிலியர் பேசுகிறேன். மருந்துப் பதிவேடு பார்ப்பேன் என்றீர்கள், அதை எப்படிப் பார்ப்பது என்பதுதான் விஷயம். மனநோய்க்கான மருந்துகள் யாருக்கெல்லாம் போகின்றன என்று பாருங்கள். மூர்க்கமாக நடந்துகொள்கிறார் என்று மருந்து தொடங்கியிருப்பார்கள். அந்த மூர்க்கம் என்ன? பல் வலியைச் சொல்லிச் சொல்லிப் பார்த்து யாருக்கும் புரியாமல் கடைசியில் தட்டைத் தூக்கி எறிந்திருக்கலாம். ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளைத் தொடர்ந்து கொடுத்தால் கை நடுக்கமும் விறைப்பும் வரலாம், சிலருக்கு முகமும் விரலும் தானாக அசையும் நிலை வந்து நிரந்தரமாகவே தங்கிவிடும். பேசுவதே கையாலும் முகத்தாலும்தான் என்கிறவருக்கு இது என்ன செய்யும் என்று யோசியுங்கள். பேச்சு குழறுகிறது என்று அர்த்தம். மருந்து எழுதிய மருத்துவருக்கு அது தெரியுமா, பக்கவிளைவைக் கவனிக்கிறார்களா என்று கோப்பில் தேடுங்கள்.

சலைன் ஊசியை எந்தக் கையில் ஏற்றுகிறார்கள், அடம்பிடிக்கும்போது கையைப் பிடித்து அடக்குகிறார்களா, இதையும் கேளுங்கள். கையைக் கட்டுவதும் வாயைப் பொத்துவதும் இங்கே ஒன்றுதான்.

மறதிநோய் இருக்கிறது என்று எழுதப்பட்டவர்களின் கோப்பையும் எடுங்கள். எந்தச் சோதனையில் கண்டுபிடித்தார்கள்? பேச்சால் கேள்வி கேட்டு, சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் வழக்கமான சோதனையில் காது கேளாதவர் குறைந்த மதிப்பெண்தான் வாங்குவார். எழுதிக் காட்டினாலும் அதே பிரச்சினை, அவருக்கு எழுத்து மொழி இரண்டாவது மொழி. பிரிட்டிஷ் சைகை மொழியில் காது கேளாத முதியவர்களுக்கென்றே ஒரு சோதனையை உருவாக்கியிருக்கிறார்கள், அப்படி ஒவ்வொரு மொழிக்கும் தேவை. மறுபக்கமும் உண்டு. பக்கவாதம் மூளையின் இடது பாதியைத் தாக்கினால் சைகை மொழியும் சிதையும், பேச்சு சிதைவதைப்போலவே. சைகை தெரியாத ஊழியர் அதைக் கண்டுபிடிக்கவே மாட்டார், 'கையைக் காலை ஆட்டுகிறார், எப்போதும்போலத்தான்' என்று விட்டுவிடுவார்.

காது கருவிகளைப் பற்றி ஒரு வரி: எத்தனை பேருக்குக் கருவி இருக்கிறது என்று கேட்காதீர்கள், எத்தனை கருவி இன்று காதில் இருக்கிறது, எத்தனை இழுப்பறையில் பேட்டரி இல்லாமல் கிடக்கிறது என்று பாருங்கள்.

புதுவரவு

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, முன்னறிவிப்பு இல்லாமல் போவதுதான் நல்லது என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள், ஆனால் மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும், அவர்கள் வட்டம் சிறியது, செய்தி இல்லத்துக்குப் போய்விடாதா? இரண்டு, ஊழியருக்குச் சைகை தெரியும் என்று சான்றிதழ் காட்டினால் அதை எப்படிச் சோதிப்பது, எனக்கே தெரியாதபோது?

விரல்மொழி

முதல் கேள்விக்கு: பதிவு செய்யும்போது இடத்தைச் சொல்லாதீர்கள். நாள், நேரம், எந்தப் பகுதி, என்ன வகையான வேலை என்பது போதும். கிளம்பும்போது இடத்தைச் சொல்லுங்கள். ரகசியம் காப்பது எங்கள் தொழில் நெறி, ஆனாலும் யாரையும் சோதனைக்கு ஆளாக்காமல் இருப்பது நல்லது. வட்டம் சிறியது என்றீர்களே, அதனால் வேறொரு சிக்கலும் உண்டு. தங்கியிருப்பவருக்கு அந்த மொழிபெயர்ப்பாளரை ஏற்கெனவே தெரிந்திருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம், அல்லது அவர் இல்லத்துப் பொறுப்பாளருக்கு வேண்டியவராக இருக்கலாம். தொடங்குமுன் 'இவர் வழியாகப் பேசச் சம்மதமா' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேறொருவரை ஏற்பாடு செய்து இன்னொரு நாள் வாருங்கள். அவசரத்துக்கு வீடியோ அழைப்பில் மொழிபெயர்ப்பு வைக்கலாம், சாப்பாடு எப்படி, மருந்து நேரத்துக்குக் கிடைக்கிறதா என்று கேட்க அது போதும். அடித்தார்களா, தொட்டார்களா என்பதைச் சின்னத் திரையில் கேட்கக் கூடாது.

இரண்டாவதற்கு: சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, ஊழியர் ஒருவரையும் தங்கியிருப்பவர் ஒருவரையும் சாதாரணமாகப் பேசச் சொல்லுங்கள். நேற்று என்ன நடந்தது என்று அவர் சொல்லட்டும், ஊழியர் அதை உங்களுக்குச் சொல்லட்டும், உங்கள் மொழிபெயர்ப்பாளர் கவனிக்கட்டும். சைகை செய்வதைவிட அடுத்தவர் செய்வதைப் புரிந்துகொள்வதுதான் கடினம். 'குளிக்கப் போ', 'மாத்திரை சாப்பிடு' என்று கட்டளை போடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர், கேட்டுப் புரிந்துகொள்பவர்கள் குறைவு. எங்கிருந்து வலி, எப்போதிலிருந்து, என்ன மாதிரி வலி, இந்த மூன்றையும் வாங்க முடிகிறவர் ஒருவர் இருபத்து நான்கு மணி நேரமும் அந்தக் கட்டடத்தில் இருக்கிறாரா? அதுதான் அளவுகோல்.

'உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார், மெதுவாகப் பேசினால் போதும்' என்று சொல்லும் இல்லத்தில் எச்சரிக்கையாக இருங்கள். மாத்திரைக்கும் பாத்திரத்துக்கும் உதட்டில் தொடக்கம் ஒன்றுதான்.

காதுக்குப்பதில்கண்

வயதானவர்களைப் பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு, பள்ளிகளில் சைகையை விலக்கிவிட்டு வாய்ப்பேச்சை மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2010இல் வான்கூவர் மாநாட்டில்தான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்தார்கள். நடுவில் எத்தனை தலைமுறை! சைகை செய்ததற்காகக் கையில் அடி வாங்கிய, கையைக் கட்டிப்போட்ட பள்ளிகளில் படித்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளைச் சட்டையும் கோப்புமாக ஒருவர் முன்னால் உட்கார்ந்தால் அவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவார்கள். எல்லாக் கேள்விக்கும் ஆமாம். அந்த ஆமாமை எழுதிக்கொண்டு போகாதீர்கள். ஆம் இல்லை என்று பதில் வரும் கேள்வியே கேட்காதீர்கள். 'சாப்பாடு நன்றாக இருக்கிறதா' என்பதற்குப் பதிலாக 'நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள், யார் பரிமாறினார்கள், பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்' என்று கேளுங்கள்.

எல்லோருக்கும் சைகைதான் என்றும் முடிவு கட்ட வேண்டாம். நடுவயதில் கேட்கும் திறனை இழந்து வந்தவருக்குச் சைகை தெரியாது, அவருக்கு எழுத்தும் திரையில் ஓடும் வரிகளும்தான் வேண்டும். சைகை பேசும் கூட்டத்துக்கு நடுவிலும் அவர் தனியாள்தான். காதோடு பார்வையும் மங்கிவருபவர்களும் இருப்பார்கள், அஷர் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு ஓரங்களில் சுருங்கிக்கொண்டே வந்து குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஆகிவிடும். அப்படிப்பட்டவருக்கு முன்னால் தள்ளி நின்று, மார்புக்கு நேராகச் சிறியதாகச் சைகை செய்ய வேண்டும், முற்றிய பிறகு கைக்குள் கை வைத்துப் பேச வேண்டும். இல்லத்தில் யாருக்காவது இது தெரியுமா?

விரல்மொழி

கட்டடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் காது கேளாதோருக்கான கலூடெட் பல்கலைக்கழகம் 2005இல் தொடங்கிய 'டெஃப் ஸ்பேஸ்' திட்டம் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தது. பேசுபவரின் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருண்டுவிடும். நீளமான சாப்பாட்டு மேசையில் வரிசையாக உட்காரவைத்தால் பக்கத்தில் இருப்பவரோடு பேசவே முடியாது, வட்ட மேசை வேண்டும். சுவரின் நிறம் கையின் நிறத்திலிருந்து வேறுபட வேண்டும், நீலமும் பச்சையும் அதற்கு நல்லது. இரண்டு பேர் சைகையில் பேசிக்கொண்டே நடக்கும் அளவுக்குத் தாழ்வாரம் அகலமா என்று பாருங்கள். பெரிய தொகை தேவையில்லாத மாற்றங்கள்தான் பாதி.

இரவுப்பணி

புகார்ப்பெட்டி என்று ஒன்றை மாட்டி வைத்திருப்பார்கள். எழுதிப் போட வேண்டும். எழுதவே வராதவர் என்ன செய்வார்? வெளியே இருக்கும் ஒருவரோடு வீடியோவில் சைகையில் பேசிப் புகார் சொல்ல வழி இருக்கிறதா, வைஃபை அவர்கள் அறை வரை வருகிறதா, போன் அவர்கள் கையிலேயே இருக்கிறதா, இல்லை அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்கிறார்களா? போனைப் பறித்து வைப்பது பல இடங்களில் தண்டனையாகவே நடக்கிறது.

நேரம் இருந்தால் இதைச் செய்யுங்கள். சம்பவப் பதிவேட்டையும் ஊழியர் ட்யூட்டி அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'காரணமில்லாமல் கத்தினார்', 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிய நாட்களில் சைகை தெரிந்தவர் யாராவது ட்யூட்டியில் இருந்தாரா? நான் இருந்த இடத்தில், சைகை தெரிந்தவர் விடுப்பில் போன வாரங்களில் அந்தப் பக்கங்கள் நிரம்பி வழிந்தன. பொறுப்பாளரிடம் வாதாட வேண்டியதில்லை, இரண்டு தாளையும் காட்டினால் போதும்.

பொறுப்பில்இருப்பவன்

இதை எங்கள் பதிவேட்டில் நானே செய்து பார்த்தேன். இரவுப்பணி சொல்வது உண்மை. எங்கள் இல்லத்தில் வார இறுதிகளில் அப்படி இருக்கிறது. வார இறுதிக்கு ஆள் மாற்றுவது என் கையில் இருக்கும் விஷயம், அதற்குப் புதிய ஆள் எடுக்கக்கூடத் தேவையில்லை.

ஆய்வாளருக்கு ஒரு வேண்டுகோள். குறையை எழுதும்போது அது எங்களால் ஆகக்கூடியதா, அனுமதியும் நிதியும் கொடுக்கும் துறையால் ஆகவேண்டியதா என்று பிரித்து எழுதுங்கள். மொழிபெயர்ப்பாளர் செலவு, சைகை தெரிந்தவருக்குக் கூடுதல் சம்பளம், இவை மேலே போக வேண்டியவை. எல்லாவற்றையும் எங்கள் தலையில் எழுதினால் மேலே இருப்பவர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு மூடி வைத்துவிடுவார்கள்.

அக்காவின்தம்பி

இதை நானும் ஆதரிக்கிறேன். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, இப்படிப்பட்ட இல்லங்களைச் சுதந்திரமான அமைப்புகள் உண்மையாகவே கண்காணிக்க வேண்டும் என்று அரசுகள் மேல்தான் கடமையை வைக்கிறது. மொழி என்றால் சைகை மொழியும் சேர்ந்ததுதான் என்று அதே உடன்படிக்கையின் 2ஆவது பிரிவு சொல்கிறது. 19ஆவது பிரிவின்படி எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். அதனால் 'இங்கே இருக்கத்தான் விருப்பமா, வேறு எங்காவது வாழ ஆசையா' என்ற கேள்வியையும் கேளுங்கள். என் அக்காவிடம் அதை யாரும் கேட்டதில்லை.

புதுவரவு

குழுவோடு பேசினேன். வெளியிலிருந்து இரண்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது, காது கேளாத ஒருவரைக் குழுவில் சேர்ப்பதற்கும் மேலிடம் சம்மதித்திருக்கிறது. ஒரு நாள் பகலிலும் வேறொரு நாள் இரவிலும் போகிறோம். கடைசியாக ஒன்று: யாராவது ஒரு கொடுமையைச் சொல்லிவிட்டு, 'எழுதாதீர்கள், தெரிந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்' என்றால் என்ன செய்வது?

காதுக்குப்பதில்கண்

பேசத் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: ஆபத்து என்று தெரிந்தால் நான் மறைக்க முடியாது, ஆனால் யார் சொன்னார் என்பதை முடிந்தவரை காப்பாற்றுவேன் என்று. பிறகு தெரிந்து ஏமாறுவதைவிட முன்னாலேயே தெரிந்து, எவ்வளவு சொல்வது என்று அவரே முடிவு செய்யட்டும். எல்லோரையும் ஒரே அளவு நேரம் தனித்தனியாகப் பாருங்கள், ஒருவரை மட்டும் நீண்ட நேரம் பார்த்தால் சொன்னவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அறிக்கையிலும் அறை எண், வயது, சைகைப் பழக்கம் என்று அடையாளம் தெரியும் எதையும் எழுதாதீர்கள், சிறிய இல்லத்தில் 'வயதான பெண் ஒருவர்' என்றாலே போதும், கண்டுபிடித்துவிடுவார்கள். உடனடி ஆபத்து என்றால் அறிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிக்குச் சொல்லிவிட்டுத்தான் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும்.

அறிக்கை முடிந்ததும் அதைச் சைகை மொழியில் வீடியோவாக எடுத்து இல்லத்தில் இருப்பவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள், ஊழியர் இல்லாத நேரத்தில். நான் இருந்த காலத்தில் ஆய்வாளர்கள் வந்துபோனார்கள், என்ன எழுதினார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எது எப்போதைக்குள் சரியாக வேண்டும் என்ற தேதிகளை வீடியோவில் சொல்லுங்கள், அந்தத் தேதி தாண்டினால் யாரை வீடியோவில் அழைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

புதுவரவு

சரி, வீடியோவைத் திட்டத்தில் சேர்த்துவிட்டேன். இரவு ஆய்வுக்குப் போகும்போது இரவுப்பணி சொன்ன மெத்தைச் சோதனையை எத்தனை அறைகளில் செய்வது நல்லது?

இரவுப்பணி

எல்லா அறையிலும். அலாரத்தை ஒரே ஒருமுறை இயக்கினால் போதும், நீங்கள் ஆளுக்கொரு தளத்தில் நின்றுகொள்ளுங்கள். முந்தின நாளே எல்லோருக்கும் சைகையில் சொல்லி, விருப்பமில்லாதவரை விட்டுவிடுங்கள். யார் அறையில் அதிரவில்லையோ அங்கே அன்று ராத்திரியே மாற்றுக் கருவி வைக்கச் சொல்லுங்கள், அது வரும்வரை அந்த அறைக்கு ஓர் ஆள் காவல் இருக்க வேண்டும்.